புது டயருக்குள் பழைய லேபிள்

நான்தானுங்க போன் பண்ணினது. துளசிமணி. வெளிய போர்டுல 'மணி டயர் ஒர்க்ஸ்'னு போட்டிருக்குதுல்ல, அந்த மணி நான்தான். எல்லாரும் என்ற ஊட்டுக்காரரு பேருன்னு நெனச்சுக்குவாங்க. அவரு பேரு குழந்தவேலுங்க. ஜாக்கி தூக்கித் தூக்கி முதுகு போயிருச்சு. பதினெட்டு வருசமா ஊட்ல கோழி வளத்திட்டிருக்காரு. வாங்க தம்பி. அந்த ட்யூப் மேல உக்காராதீங்க, பேண்ட்டெல்லாம் பவுடராயிரும். இந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கங்க.

போன்ல ஒரு புள்ள எடுத்துச்சு. 'உங்க புகார் என்னங்க மேடம்'னுச்சு. புகாரெல்லாம் இல்ல சாமி, ஒரு உண்மையச் சொல்லோணும், ஆள அனுப்புன்னேன். 'உண்மைன்னு எங்க லிஸ்ட்ல இல்லீங்க மேடம், புகார்னே போட்டுக்கறேன்'னுச்சு. போட்டுக்க ஆத்தா, என்னமோ ஒண்ணு போட்டுக்கன்னேன். அப்பிடித்தான் நீங்க வந்திருக்கீங்க. நல்லதாப் போச்சு.

மொதல்லயே ஒண்ணு சொல்லிப்போடறேன். நான் பயந்துக்கிட்டுக் கூப்பிடல. மன்னிப்புக் கேக்கவும் கூப்பிடல. ரங்கநாயகி ரோடுவேஸ்ல ஒரு புது டயருக்குள்ள பழைய டயரோட லேபிள் இருந்துதுன்னு ரெண்டு வாரமா ரகளை நடக்குதுல்ல, அத யாரு செஞ்சிருப்பாங்கன்னு உங்க கம்பெனி ஒரு லெட்டர் எழுதிக் குடுத்திருக்குதுல்ல, அந்த லெட்டர் தப்புங்க. அதச் சொல்றதுக்குத்தான் கூப்பிட்டேன்.

லேபிளக் குறை சொல்ல மாட்டேன். உங்க லேபிள் நல்ல லேபிள். உங்களுக்கே உங்க லேபிளப் பத்திச் சொல்றாளேன்னு நெனைக்காதீங்க. நீங்க அத அட்டப்பெட்டியில பாத்தவரு, நான் கத்தியில தொட்டுப் பாத்தவ. ஒரு விரல் நீளம், கறுப்பு ரப்பரு, நடுவுல தலமுடியாட்டம் ஒரு கம்பி. டயருக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும். ரங்கநாயகியில நூத்திச்சொச்சம் லாரி, ஒரு டயர் விடாம ஒட்டிப்போட்டாங்க. மொதலாளி பையன் தரணின்னு ஒருத்தரு, வெளியூர்ல படிச்சுப்போட்டு வந்தாருல்ல, அவரு ஏற்பாடு. கேட்டுல ரெண்டு பக்கமும் கம்பம் நட்டு மிசின் வெச்சாங்க. லாரி உள்ள நுழைஞ்சா எந்த டயரு, எந்த வண்டிது, எந்த வருசம் வாங்குனது, எத்தன தடவ மேல புது ரப்பர் ஒட்டி ரீட்ரேடிங் போட்டது, அத்தனையும் ஆபீஸ்ல திரையில வந்துரும். எல்லாஞ் சரியா இருந்தா பச்சை லைட்டு. ஒண்ணு மாறியிருந்தாலும் செகப்பு. செகப்பு வந்தா டிரைவரக் கீழ எறக்கி விசாரணை.

திருட்டத் தடுக்கறதுக்குங்கறாங்க. சரி, திருட்டு இல்லைன்னு நான் சொல்லல. ஆனா பாருங்க தம்பி, எங்க லைன்ல ஒரு வழக்கம் இருக்குது. அது அந்த மிசினுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, அதான் சொல்றேன்.

நம்ம பக்கத்து லாரி நாக்பூர்லயோ ஐதராபாத் தாண்டியோ டயர் வெடிச்சு நிக்குதுன்னு வெய்யுங்க. அவன் ஸ்டெப்னியும் ஏற்கெனவே போயிருச்சு. அந்த வழியா வர்ற இன்னொரு நம்ம பக்கத்து லாரி நிக்காமப் போகாது. முன்னப்பின்னத் தெரியாதவனா இருந்தாலுஞ் சரி. நெம்பரப் பாத்ததும் ஓரங்கட்டிருவான். தன்ற ஸ்டெப்னியக் கழட்டிக் குடுத்துப்போட்டுத்தான் மறுசோலி. பேரு கேக்க மாட்டான், கையெழுத்து வாங்க மாட்டான். 'துளசிமணி கடையில போட்டுரு'ம்பான். அவ்வளவுதான். ஊரு திரும்புனதும் வாங்குனவன் இங்க கொண்டாந்து எறக்கிப்போட்டு, இன்ன வண்டிக்காரர்துன்னு சொல்லிப்போட்டுப் போவான். குடுத்தவன் வந்து எடுத்துக்குவான். பதினெட்டு வருசத்துல எத்தன டயரு இந்தச் செவுத்துல சாஞ்சு நின்னிருக்குது! ஒரு சீட்டு எழுதுனதில்ல. ஒண்ணு தொலைஞ்சதில்ல. எனக்குப் பெருமை பேசற பழக்கம் இல்லீங்க, இருந்தாலும் சொல்றேன், சங்ககிரியில இருந்து ஓமலூர் வரைக்கும் போயி விசாரிங்க.

அந்த வழக்கத்துல இன்னொண்ணும் இருக்குது. வாங்குன டயரு உன்ற கையில கெட்டுப்போச்சுன்னா, அதவிட ஒரு படி நல்ல டயராக் குடுக்கோணும். கொறச்சுக் குடுத்தா அப்பறம் ரோட்ல அவனுக்கு யாரும் நிக்க மாட்டாங்க. 

ஏனுங்க, காத்தா? எத்தன, நூத்திப் பத்தா? அந்த ஹோஸப் புடுங்கி நீங்களே வெச்சுக்கங்க. கம்ப்ரசர்ல மட்டும் கைய வெச்சராதீங்க, காந்துது.

எங்க உட்டேன்? ஆங். நாலு மாசத்துக்கு முன்னால நாச்சிமுத்து வந்தான். ரங்கநாயகி டிரைவருங்க. பேரச் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா லேபிள் எந்த வண்டிதுன்னு உங்க மிசின்லயே இருக்குது, அந்த வண்டிய ஓட்டுறது யாருன்னு ஊருக்கே தெரியும். நான் மறைச்சு என்ன ஆவப்போகுது? நல்ல பையன். பயந்த சுபாவம். வந்ததும் வராததுமா, 'அக்கா, டயர் வந்திருச்சா'ன்னான்.

வந்திருந்துச்சு. திருச்செங்கோட்டு வண்டிக்காரர் ஒருத்தரு முந்தின நாள்தான் எறக்கிப்போட்டுப் போனாரு. நாச்சிமுத்து அவருக்கு நாக்பூருக்கு அந்தப்பக்கம் ஸ்டெப்னியக் கழட்டிக் குடுத்திருக்கான். அதுவோ மூணு தடவ ரீட்ரேடிங் போட்ட கிழடு. இருநூறு மைல் தாங்குச்சு, வெடிச்சுப்போச்சு. அந்த மனுசன் வழக்கப்படி புத்தம்புது டயரு ஒண்ணு வாங்கியாந்துட்டாரு. அதே கம்பெனி, அதே சைசு. அதோட ஒரு சாக்குப்பை. 'இதுக்குள்ள அந்தக் கரண்டு சமாச்சாரம் இருக்குதுக்கா. அவங்களுக்கு அதுதான் முக்கியம்னு கேள்விப்பட்டேன். வெடிச்ச டயர்ல இருந்து அறுத்துக் கொண்டாந்துட்டேன்'னாரு. பிரிச்சுப் பாத்தா, முறத்தளவு ரப்பர்த் துண்டு, அதுல உங்க லேபிள்! தாலிய அறுத்துப் பொட்டலம் கட்டிக் குடுத்த மாதிரி இருந்துச்சுங்க எனக்கு. ஆனா அந்த மனுசன் எவ்வளவு நாணயமா நெனச்சிருக்காரு பாருங்க.

நாச்சிமுத்து அதப் பாத்துப்போட்டு அப்பிடியே உக்காந்துட்டான். ஏன்னா அவன் ஏற்கெனவே ரெண்டு தடவ செகப்பு வாங்கியிருக்கான். ரெண்டும் இதே மாதிரி ஸ்டெப்னி குடுத்ததுதான். மூணாவது செகப்புன்னா வேலைய உட்டு நிறுத்திருவேன்னு தரணி எழுதி வாங்கியிருக்காரு. 'புது டயராத்தான குடுக்கறேன்னு சொல்லிப் பாரேன்டா'ன்னேன். 'மிசின்கிட்ட எப்படிக்கா சொல்றது? அதுக்கு டயர் கண்ணுக்குத் தெரியாது, லேபிள்தான் தெரியும்'னான். 

லேபிள்தான் தெரியும்னு அவன் சொன்னதும் எனக்கு யோசன வந்திருச்சு. யோசன என்றதுதான், நாச்சிமுத்துவுது இல்ல, எழுதிக்கங்க. அவன் வேண்டாம் வேண்டாம்னான். 'சும்மா இரு, போயி டீ வாங்கிட்டு வா'ன்னு தாட்டி உட்டுப்போட்டு வேலைய ஆரம்பிச்சேன்.

இப்ப நல்லாக் கேளுங்க தம்பி. இதத்தான் உங்க லெட்டர்ல முடியாதுன்னு எழுதியிருக்கீங்க.

அந்தத் துண்டுல இருந்து லேபிள அப்பிடியே பேத்தெடுக்க முடியாது, உங்க ஆளுக அந்த மாதிரி ஒட்டியிருக்காங்க. பிச்சா கம்பி அந்துரும். அதனால நான் லேபிளத் தொடல. அதுக்கு அடியில இருக்கற ரப்பரச் சீவுனேன். பின்னால இருந்து, கொஞ்சங் கொஞ்சமா, வெத்தலக் கனத்துக்கு வர்ற வரைக்கும். ஒரு மணி நேரம். கத்திய நாலு தடவ தீட்டினேன். அப்பறம் புது டயருக்கு உள்ள அந்த எடத்த மட்டும் சொரசொரன்னு தேச்சு பஃபிங் போட்டு, தூசு தொடச்சு, சொல்யூஷன் தடவி, காய உட்டேன். இந்தக் காய உடறதுலதான் எல்லாருங் கோட்டை உடறது. தொட்டா விரல்ல ஒட்டக் கூடாது, ஆனா ஒட்டற மாதிரி ஒரு எண்ணம் வரோணும். அதுதான் பதம். அதுக்கு மேல ஒட்டு ரப்பர் ஒரு சீட்டு வெச்சு, லேபிள வெச்சு, உருளையில நடுவுல இருந்து ஓரத்துக்குத் தேச்சுத் தேச்சுக் காத்த வெளிய தள்ளி, ஹாட் பேட்ச் மிசின்ல மாட்டுனேன். சூட்டுல லேபிள் செத்துருமோன்னு அது ஒண்ணுதான் எனக்கு வெசனம். கொறஞ்ச சூடு, ரெட்டிப்பு நேரம். எடுத்துப் பாத்தா எங்க லேபிள் முடியுது, எங்க டயர் ஆரம்பிக்குதுன்னு எனக்கே தெரியல. கண்ண மூடிக்கிட்டு விரல உட்டுத் தடவிப் பாத்தேன். தட்டல.

சாயந்தரம் நாச்சிமுத்து கேட்டுல இருந்து போன் பண்ணினான். 'அக்கா, பச்சை'ன்னான். அவ்வளவுதான் சொன்னான், அழுதுட்டான். நானும் ஒரு டீ சேத்துக் குடிச்சேன்.

தப்புதான்னு சொல்றீங்களா? என்ன தப்பு? யாரு டயரு கொறஞ்சுது? கிழட்டு டயர் போயிப் புது டயர் வந்திருக்குது. ரங்கநாயகிக்கு லாபந்தான? நான் ஒரு காசு வாங்கல. பொய் சொன்னதும் நான் இல்ல, லேபிள்தான் சொல்லுச்சு. நான் சும்மா இடம் மாத்தி வெச்சேன்.

சிரிக்கறீங்க. சிரிங்க.

அப்பறம் வந்துச்சு பாருங்க கெரகம். ரெண்டு வாரத்துக்கு முன்னால அந்த வண்டி லோடு எறக்கிப்போட்டு உள்ள நுழையுது, செகப்பு லைட்டு. என்னன்னு பாத்தா, 'இந்த டயருக்கு வயசு முடிஞ்சுது, கழிச்சுப்போடவும்'னு திரையில வருது. அஞ்சு வருசம், மூணு ரீட்ரேடிங், அதோட ஆயுசு அவ்வளவுதானாம். சரின்னு கழட்டுனா புது டயரு. நாலு மாசமா ஸ்டெப்னியாத் தொங்குனது, ரோட்டையே தொடல. புது டயர்ல பக்கவாட்டுல முடியாட்டம் நீட்டிக்கிட்டு இருக்கும்ல, அது கூட உதிரல. தரணி நின்னு பாத்திருக்காரு. தாத்தன் பேருல பேரன் ஓட்டுப் போட வந்த மாதிரி முழிச்சிருக்காங்க எல்லாரும். டயர்ல அச்சடிச்ச நம்பரப் பாத்தாவது கண்டுபுடிக்கலாம்னா, லேபிள் வந்ததுக்கப்பறம் அத எழுதி வெக்கறதையே நிறுத்திப்போட்டாங்க. அதான் லேபிள் இருக்குதே!

உங்களக் கேட்டிருக்காங்க. நீங்க டயர வாங்கிப் பாத்துப்போட்டு லெட்டர் எழுதிட்டீங்க. நாச்சிமுத்து போன்ல படம் புடிச்சுக் கொண்டாந்து படிச்சுக் காட்டினான். 'லேபிளில் குறை ஏதும் இல்லை. லேபிள் வேண்டுமென்றே மாற்றப்பட்டுள்ளது. இந்த ஒட்டு ஆலைத் தரத்தில் உள்ளது. வெளிக் கடைகளில் இதைச் செய்ய இயலாது. அழுத்த இயந்திரம் உள்ள இடத்தில் மட்டுமே செய்ய முடியும்.' மனப்பாடமாச் சொல்றனேன்னு பாக்கறீங்களா? மூணு தடவ படிக்கச் சொன்னனுங்க. ஆலைத் தரம்! மொதத் தடவ கேட்டப்ப உச்சி குளுந்துபோச்சு. ரெண்டாவது தடவதான் அடுத்த வரி காதுல உழுந்துச்சு. வெளிக் கடையில முடியாதாம்.

நீங்க யாரு தம்பி அதச் சொல்றதுக்கு? எந்த வெளிக் கடைக்குப் போயிப் பாத்தீங்க?

அந்த வரி யாரு தலையில உழுந்துச்சு தெரியுங்களா? ரங்கநாயகியில ரீட்ரேடிங் கொட்டாய் இருக்குது, அழுத்தற மிசின் இருக்குது. அதுக்குப் பொறுப்பு அர்த்தநாரி. டயர் செக்சனே அந்தாளு கையில. தரணி கூட்டிக் கழிச்சுப் பாத்திருக்காரு. 'பழைய லேபிளப் புது டயர்ல ஒட்டி, வயசு முடிஞ்சுதுன்னு கழிவுல தள்ளி, வெளிய வித்துக் காசு பாக்கறதுக்குத் திட்டம். எத்தன டயர் இப்பிடிப் போச்சோ'ன்னுட்டாரு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முப்பது வருசம் வேல செஞ்ச ஆள அன்னிக்கே வெளிய நிறுத்திப்போட்டாங்க. ஒத்துக்கிட்டா வேலையோட போகும், இல்லைன்னா போலீசுன்னு கெடு.

இருங்க. அர்த்தநாரிக்குப் பரிஞ்சு பேசறேன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கும் அவனுக்கும் ஆகாது. ஊருக்கே தெரியும்.

பதினெட்டு வருசத்துக்கு முன்னால, என்ற ஊட்டுக்காரரு படுத்ததும் நான் கடைய எடுத்தப்போ, ரங்கநாயகி பஞ்சர் வேலைய எனக்குக் குடுங்கன்னு கேட்டுப் போனேன். ஒரு டயர ஒட்டிட்டு வான்னான். ஒட்டிட்டுப் போனேன். பத்துப் பதினஞ்சு டிரைவருக நிக்கறாங்க. அத்தன பேரு முன்னால கத்திய எடுத்தான், ஓரத்துல உட்டான், சர்ருன்னு பிச்சுக் கையில குடுத்தான். 'இது ஒட்டு இல்ல, பூச்சு. ஊட்ல கோலம் போடு, போ'ன்னான். அந்த ஒட்டு என்ற பையில ஊடு வரைக்கும் வந்துச்சுங்க. அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல. அதுக்கப்பறம் நான் ஒரு ஒட்டு கூட அவசரமாப் போட்டதில்ல. அவன் வாய அடைக்கோணும்னே போட்டேன் ஒவ்வொண்ணையும்.

அப்பறம் டிரைவருக தானா வந்தாங்க. ரங்கநாயகி வண்டிக பாதி இங்கதான் நிக்கும், ஆபீஸ்ல கேக்காமயே. என்ற ஒட்டு எல்லாம் அவன் கொட்டாய்க்குத்தான போகுது? பாக்காம இருப்பானா? ஒரு நாள் நல்லா இருக்குதுன்னு சொன்னதில்ல. நல்லா இல்லைன்னும் சொன்னதில்ல, அது வேற விசியம். கடை வழியாத்தான் மொபெட்ல போவான், இந்தப் பக்கம் திரும்ப மாட்டான். நானும் கூப்பிட மாட்டேன்.

அவனுக்கு ரீட்ரேடிங் தெரியும், ஒத்துக்கறேன். மிசின் போடற வேல. டயர வெச்சு, பூட்டி, மணி பாத்து எடுக்கோணும். ஆனா கையில ஒட்டறதுன்னா அவனுக்கு ஆகாது. அந்த லேபிள வெத்தலக் கனத்துக்குச் சீவியிருக்க முடியுமா அவனால? கம்பிய அறுத்துப்போட்டிருப்பான். அவனப் போயி 'ஆலைத் தரம்'னு நீங்க எழுதியிருக்கீங்க, ஊரே அவனத் திருடன்னு சொல்லுது, கூடவே 'ஆனா கை சுத்தமான வேலைக்காரன்டா'ன்னும் சொல்லுது. டீக்கடையில என்ற காதுபடச் சொல்றாங்க! எப்படி இருக்கும் எனக்கு? நான் சீவுனது, நான் ஒட்டுனது, பேரு அவனுக்கா? திருட்டுப் பட்டமும் அவனுக்கு வேண்டாம், அந்தப் பேரும் அவனுக்கு வேண்டாம். ரெண்டும் என்றது. திருட்டு இல்ல, அதத் திருத்தி எழுதிக்கங்க. வேலை என்றது.

நாச்சிமுத்து என்ன சொல்றான்னு கேக்கறீங்களா? கால்ல உழுந்தான். 'யாருக்கும் தெரியாதுக்கா, தெரியாமயே போகட்டும், நுணல் தன் வாயால கெட்ட மாதிரி ஆயிருங்'கறான். 'அந்தாளுக்கும் உங்களுக்கும் ஆகாது, உங்களுக்கென்ன'ங்கறான். எனக்குக் கோவம் வந்திருச்சு. 'ஏன்டா, ஆகாதவன்னா செய்யாத தப்புக்கு உள்ள போகோணுமா? நீயாப் போயிச் சொல்லு. மூணு நாள் தர்றேன். இல்லைன்னா நான் சொல்லுவேன்'னேன். இன்னியோட நாலு நாளாச்சு. அவன் ஒரிசா லோடு ஏத்திக்கிட்டுப் போயிட்டான். பயந்தவன், பாவம். அவனுக்கு வேல போனா நான் பொறுப்புதான், தெரியுது. டிரைவருக்கு இந்த ஊர்ல வேலையில்லாம ஆயிராது, நானே நாலு மொதலாளிகிட்டச் சொல்லுவேன். ஆனா முப்பது வருசம் ஒரே கொட்டாயில கெடந்தவனத் திருடன்னு அனுப்புனா எவன் சேத்துக்குவான்?

என்ற கடைக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களாங்கறீங்க. யோசிக்காமயா? ரங்கநாயகி வண்டி ஒண்ணு இங்க நிக்கக் கூடாதுன்னு தரணி நாளைக்கே உத்தரவு போடுவாரு. பாதி வேல போச்சு. போகட்டும். மீதி பாதியில பொழச்சுக்கறேன். இந்த பைபாஸ்ல ஆணி கெடக்கற வரைக்கும் எனக்குச் சோறு இருக்குது.

உங்க பையில புது லேபிள் வெச்சிருக்கீங்களா? குடுங்க ஒண்ணு. இங்கயே, உங்க கண்ணு முன்னால ஒட்டறேன். ரெண்டு மணி நேரம் ஆகும். அப்பறமாப் போயி, வெளிக் கடையில முடியும், துளசிமணி கடையில முடியும்னு லெட்டரத் திருப்பி எழுதுங்க. கையெழுத்து வேணும்னா எங்க வேணாப் போடறேன்.

என்னங்க தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி போகுது?

நேத்தே எழுதிக் குடுத்துட்டானா? யாரு, அர்த்தநாரியா? என்னன்னு எழுதிக் குடுத்தான்?

நான்தான் ஒட்டினேன்னா?

அவனா? அவன் ஒட்டினானா? காட்டுங்க. போன்ல இருக்குதா? எனக்குக் கண்ணாடி இல்லாம எழுத்துத் தெரியாது, நீங்களே படிங்க. ம். ம். 'லேபிளை மாற்றி ஒட்டியது நான்தான். ஓட்டுநருக்கு இதில் சம்பந்தம் இல்லை. வெளியில் யாரையும் விசாரிக்க வேண்டாம்.' பாத்தீங்களா பாத்தீங்களா, எத்தன நெஞ்சழுத்தம்! அடுத்தவ செஞ்ச வேலைய எடுத்துத் தன்ற பேர்ல எழுதிக்கிட்டான்! நான் சொன்னேன்ல, அவன் அப்பேர்ப்பட்ட…

சித்த இருங்க. கடைசி வரிய இன்னொருக்கா படிங்க.

வெளியில் யாரையும்.

ஓட்டுநருக்கு இதுல சம்பந்தம் இருக்கும்னு எப்படித் தெரியும் அவனுக்கு? இந்தத் தடவ டிரைவரு ஸ்டெப்னி குடுத்த கதையே ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதே. எறக்குன டயர் எந்தக் கடையில நிக்கும்னு டிரைவருகளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்… அவனுக்கும் தெரியுமுங்க. முப்பது வருசம் டயரோட கெடந்தவன். அந்த டயருக்குள்ள கைய உட்டுத் தடவிப் பாத்திருப்பான். தன்னால முடியாத வேலைன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கும். அப்ப வேற யாரால முடியும்னும் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் ரெண்டு வாரமா வாயத் தொறக்கல. ஒரு வார்த்த, 'அந்த பைபாஸ் கடையில போயிக் கேளுங்க'ன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இன்னிக்கு அவன் கொட்டாயில உக்காந்திருப்பான்.

என்னத்துக்குங்க? யாரு கேட்டா அவன? பதினெட்டு வருசமா இந்தப் பக்கம் திரும்பிப் பாக்காத மனுசன், நல்லா இருக்குதுன்னு ஒரு வாய்ச் சொல்லு சொல்லாத மனுசன், இப்ப என்ற வேலைக்காகத் திருடன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கறானா? அதுக்குப் பதிலா அந்த ஒரு சொல்லச் சொல்லியிருக்கலாம்ல? எனக்கு ஆத்தரமா வருது தம்பி. எனக்கு எவன் தயவும் வேண்டாம். அவன் தயவு வேண்டவே வேண்டாம்.

தண்ணியெல்லாம் வேண்டாங்க. நல்லாத்தான் இருக்கறேன்.

அந்த லேபிள எடுத்துப் பையில போடுங்க. இங்க ஒட்டிக் காட்டப் போறதில்ல. உங்க ஒருத்தருக்குக் காட்டி என்ன ஆவப்போகுது? ரங்கநாயகி கேட்டுக்குப் போலாம். லோடு எறக்கிப்போட்டு வண்டிக வர்ற நேரம், தரணி இருப்பாரு, டிரைவருக அத்தன பேரும் இருப்பாங்க. கத்தி, உருளை, சொல்யூஷன் டப்பா, மிசின், எல்லாம் உங்க கார் டிக்கியில பிடிக்கும். கேட்டுக்கு நடுவுல உக்காந்து ஒட்டறேன். எவன் வேணா நின்னு பாக்கட்டும். அர்த்தநாரியையும் ஊட்ல இருந்து கூட்டியாரச் சொல்லுங்க. எனக்காக ஒருத்தன் திருடனாகி ஊட்ல உக்காந்திருக்கறதும், நான் இங்க உக்காந்து காத்து அடிக்கறதும் நடக்காது. அவன் வேல அவனுக்குத் திரும்ப வரோணும். என்ற வேல என்ற பேர்ல இருக்கோணும்.

ஏனுங்க, காத்துக்கு வந்தவரே, அடுத்த கடைக்குப் போயிக்கங்க, இன்னிக்கு இவ்வளவுதான்.

நகருங்க தம்பி, ஷட்டர இழுக்கோணும்.